சேதத்துக்குக் காரணம்

வைரம் உடைந்ததற்கு என் கைதான் காரணம் என்று எழுதிய தாளை எங்கள் ஆய்வகத் தலைவர் என் பக்கம் நகர்த்தினார். கூடவே பேனாவையும் மூடியைக் கழற்றி வைத்தார். தாளைவிட அந்த மூடியைக் கழற்றியதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

சேத அறிக்கை ஒரு பக்கம்தான். சேதமடைந்த பொருள்: வைர முனை, ஒன்று. சேதத்துக்குக் காரணம்: செல்லை இயக்கியவரின் கவனக்குறைவு. செல் என்றால் கைப்பேசி இல்லை, வைரங்களை வைத்து அழுத்தும் எங்கள் கருவி. கீழே இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றது எனக்கு.

"நான் போடமாட்டேன் சார்."

"ஏன்?"

"என் கை தப்பு பண்ணல."

தலைவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் அவரிடம் நான் நடந்துகொண்டதைப் பார்த்து என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். ஆய்வகத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுகிற மனிதர். ஆனால் ஒரு விஷயம் புத்தகத்தில் இருந்துவிட்டால் போதும், அதற்குமேல் கண்ணைத் திறந்து பார்க்கமாட்டார்.

"யோசிச்சுப் பாருங்கம்மா," என்றார் பொறுமையாக. "வைரத்தை விடக் கடினமான பொருள் எது?"

"எதுவும் இல்லன்னு சொல்றாங்க."

"அப்போ வைரத்தை உடைக்க இன்னொரு வைரத்தாலதான் முடியும். செல்லுக்குள்ள ரெண்டு முனையும் நேருக்கு நேர் உட்காரல. ஒண்ணு இன்னொண்ண இடிச்சிருக்கு. நேரா உட்கார வைக்கிறது யார் வேலை?"

"என் வேலைதான்."

"அவ்வளவுதாம்மா விஷயம். நாலு வருஷத்துக்கு முன்னாடியும் ஒண்ணு உடைஞ்சுதே."

"உடைஞ்சுது. திருகும்போது தும்மிட்டேன். நானே வந்து சொன்னேன், நானே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நான் தும்மல சார்."

அவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். இரண்டாவது அறிக்கை ஆகிவிட்டால் விதிப்படி என்னைச் செல் பக்கம் விடமுடியாது, பொருள் அறைக்கு மாற்றவேண்டியிருக்கும் என்றார். "ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம்தானே? உட்கார்ந்த வேலை. ஒரு தொந்தரவும் இருக்காது."

"போடலன்னா?"

"வெள்ளிக்கிழமை நான் மேல அனுப்பியாகணும். ஒத்துழைக்க மறுத்தாங்கன்னு எழுத வேண்டி வரும். அதுவரைக்கும் நல்ல வைரம் எதையும் தொடாதீங்க."

அன்று செவ்வாய். பேனாவை எடுத்து மூடியைப் போட்டு அவர் பக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

என் வேலை என்னவென்று கேட்டால், கரியை நசுக்குவது என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பென்சிலில் இருப்பதும் கரிதான், வைரமும் கரிதான். அணுக்கள் கைகோத்து நிற்கும் விதம்தான் வேறு. அழுத்தினால் அவை வேறு விதமாகக் கைகோக்கும். எவ்வளவு அழுத்தினால் எப்படிக் கைகோக்கும் என்று பார்ப்பதற்காகத்தான் எங்கள் ஆய்வகம். செல் என்று நாங்கள் சொல்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஃகு உருளை. உள்ளே இரண்டு வைரங்கள் முனையோடு முனை பார்த்து உட்கார்ந்திருக்கும். முனைகளைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அந்தத் தட்டையின் அகலம், மூன்று தலைமுடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த அளவு. நடுவே மெல்லிய எஃகுத் தகடு, அதுதான் கேஸ்கட். அதில் ஊசிமுனையைவிடச் சின்ன ஓட்டை போட்டு, அதற்குள் கரியை வைக்க வேண்டும். எந்தக் கருவியும் அதற்கு லாயக்கில்லை. பல் குத்தும் குச்சியின் நுனியில் கண்ணிமை முடி ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன், அதனால்தான் தள்ளுவேன். பதினோரு வருடமாக என் கண்ணிமையில் பாதி இந்த ஆய்வகத்துக்கே போய்விட்டது.

வைரங்களை நேருக்கு நேர் வைப்பது வேறொரு பொறுமை. இரண்டு முனைகளும் கிட்டத்தட்டத் தொடும்போது மைக்ராஸ்கோப்பில் வண்ணக் கோடுகள் தெரியும், தரையில் சிந்திய எண்ணெயின்மேல் தெரிவதுபோல. ஒரு கோடு தெரிந்தால்கூட ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாக் கோடுகளும் மறைந்து ஒரே நிறமாகும்வரை சரிசெய்வேன். பிறகு குறிப்பேட்டில் தேதி போட்டு "கோடு இல்லை" என்று எழுதுவேன். உடைந்த செல்லுக்கும் எழுதியிருந்தேன். எழுதுவது யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார் தலைவர். அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை, வைரம் உடைந்த அன்று, நான் அழுத்தியது குருவியின் கரி. குருவி எங்கள் ஆய்வு மாணவி. படபடவென்று பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அறுபது கரியணுக்கள் சேர்ந்து கால்பந்துபோல உள்ளே காலியாக இருக்கும் மூலக்கூறு ஒன்று உண்டு. அந்தப் பந்துகளை ஒரு கரைப்பானில் ஊறவைத்துப் பந்துகளுக்கு நடுவே திரவமும் அடுக்காக உட்காரும்படி செய்திருந்தாள். காற்று நம்மை அழுத்துவதைப்போல மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் மடங்குவரை நான்கு திருகுகளையும் எதிர் எதிராக, கால் சுற்று கால் சுற்றாகத் திருகிக்கொண்டு போனேன். அப்புறம் அதே நிதானத்தில் இறக்கினேன். திறந்தபோது மேல் வைரத்தில் விரிசல். தலைவர் வெறுங்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார், அறிக்கை எழுதப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தலைவர் அறையிலிருந்து நான் நேராக மைக்ராஸ்கோப்புக்குப் போனேன். குருவி அங்கே முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எதுக்கு வம்பு? போட்டுடுங்க. என் சாம்பிளாலதான் உங்களுக்கு இந்த நிலைமை."

"உன் சாம்பிளாலதானா? வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். நகரு."

உடைந்த வைரத்தை லென்ஸின் கீழே வைத்தேன். முனைகள் சாய்ந்து இடித்தால் விரிசல் விளிம்பில் ஆரம்பித்துக் குறுக்கே ஓடும். நான்கு வருடத்துக்கு முன் நான் தும்மியபோது அப்படித்தான் ஓடியது. இதில் விளிம்பு முழுதாக இருந்தது. விரிசல் நட்ட நடுவில், வட்டமாக, அதற்குள் லேசான பள்ளத்தோடு இருந்தது. கேஸ்கட் ஓட்டையை வைத்து வரைந்ததுபோல அதே அளவு வட்டம். ஓட்டைக்குள் இருந்தது குருவியின் கரி மட்டும்தான்.

"பாரு," என்றேன்.

அவள் பார்த்தாள்.  குருவி பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"இது உள்ளேயிருந்து குத்தின மாதிரி இருக்குக்கா."

"வைரத்தைக் குத்தற மாதிரி நீ எதையோ செஞ்சு வச்சிருக்க. பழி மட்டும் எனக்கு."

"ஆனா ஒண்ணே ஒண்ணு வச்சு எதையும் சொல்ல முடியாதுக்கா. ஒரு தடவை எதுனாலும் நடக்கலாம்." பிறகு பதறினாள். "சாம்பிள் எங்க? கேஸ்கட்டைக் குப்பையில போடச் சொன்னாரே!"

நான் எந்தக் கேஸ்கட்டையும் குப்பையில் போட்டதில்லை. என் கணவரின் ரத்த அழுத்த மாத்திரைகள் ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள டப்பாக்களில் வரும். காலி டப்பாக்களில் கேஸ்கட்டுகளை எண் போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். குப்பை சேர்க்கிறேன் என்று தலைவர் கிண்டல் செய்யாத மாதம் கிடையாது. திங்கட்கிழமை அறையைத் திறந்து காட்டினேன். ஓட்டைக்குள் கரும்புள்ளியாக அது அப்படியே இருந்தது. குருவி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கொட்டினேன். கேட்டுவிட்டு, "போட்டுடு," என்றார்.

"நீங்களா இதைச் சொல்றீங்க?"

"நான் போடலையா? என்ன ஆயிடுச்சு? சாப்பிடறோம், தூங்கறோம்."

அவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தெருமுனையில் பஸ் நிற்காமல் போய் முன்னால் நின்ற வேனில் மோதியது. ஒரு பயணிக்குக் கால் முறிந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று டிப்போவில் எழுதினார்கள். ஒரு கையெழுத்து, விஷயம் முடிந்தது என்றார்கள். போட்டார். டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள், அங்கிருந்தே ஓய்வுபெற்றார். அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் காரில்கூடப் பின் சீட்டில்தான் உட்காருவார். உட்கார்ந்து, வழி முழுக்க வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வருவார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "ஒண்ணும் ஆகலையா? முன் சீட்டுல உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

சாப்பிடும்போது அவர்தான் பேச்செடுத்தார், தட்டைப் பார்த்தபடியே.

"பிரேக் பிடிக்கல அன்னிக்கு."

"என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே."

"நான் மிதிச்சேன். ரெண்டு காலாலயும் மிதிச்சேன். சொன்னேன் அவங்ககிட்ட. போன மாசம்தான் பிரேக் மாத்தினது, புது பிரேக் பிடிக்காம இருக்காதுன்னாங்க. அதனால நான்தான் மிதிக்கலையாம்." தண்ணீர் குடித்தார். "திரும்பத் திரும்பச் சொன்னாங்களா, கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மிதிச்சேனா இல்லையான்னு."

"பிரேக்கை யாரும் கழட்டிப் பார்க்கலையா?"

"எதுக்குப் பார்க்கணும்? அதான் புதுசாச்சே."

மீதிச் சோற்றை மூடிவைத்தேன். பொருள் அறைக்குப் போவது பெரிய விஷயமில்லை. உட்கார்ந்துதான் வேலை செய்யவேண்டும், உட்காருவேன். ஆனால் மூன்று வருடம் அங்கே உட்கார்ந்துகொண்டு, அன்று ஒருவேளை ஒரு கோடு தெரிந்திருக்குமோ, நான்தான் பார்க்காமல் விட்டேனோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். என் கண்ணை நானே நம்பாமல் போய்விடுவேன். அதற்குச் சாவதே மேல்.

புதன்கிழமை காலையில் ஓய்வுபெற்றவர்களை வெளியே எடுத்தேன். ஒரு தகர டப்பாவுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. விளிம்பு உதிர்ந்து, கணக்கிலிருந்து நீக்கப்பட்ட வைரங்கள் அதில் கிடக்கும். நல்ல வைரத்தைத் தொடாதே என்றுதானே உத்தரவு? இவற்றில் ஒன்றும் நல்ல வைரம் இல்லை. நான்கு ஜோடி தேறியது. கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தலைவரும் ஒருமுறை வாசலில் நின்றார்.

"என்னம்மா இது?"

"பழசு சார். கணக்குல இல்லாதது."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை சொல்றேன். அந்தப் பேனாவைக் கொண்டு வாங்க."

மூன்று செல்களில் குருவியின் கரி. நான்காவதில் வெறும் உப்பு. அது என் யோசனைதான். என் கை தப்பு என்றால் உப்பிலும் விரிசல் வரவேண்டும், கரியின் வேலை என்றால் உப்பில் வரக்கூடாது. குருவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, நீங்கதான் முனைவர் பட்டம் வாங்கணும்." நீ முதலில் வாங்கு தாயே என்றேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வைரங்களை உட்கார வைத்தேன். நான்கிலும் கோடு மறைந்ததைக் குருவியையும் பார்க்கச் சொல்லி, குறிப்பேட்டில் அவள் கையாலேயே எழுத வைத்தேன். வியாழன் மதியம்வரை திருகல். கால் சுற்று, பத்து நிமிடம், கால் சுற்று. தும்மல் வந்துவிடுமோ என்ற பயத்தில் மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன் என்று குருவி சிரித்தாள். இரண்டரை லட்சம் மடங்கில் மூன்றாவது செல்லில் 'டிக்' என்று ஒரு சத்தம்.  அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டது. பழைய வைரம், உதிர்ந்த விளிம்பு, போய்விட்டது.

"இதைக் காட்ட வேணாம்க்கா," என்றாள் குருவி மெதுவாக. "மத்த மூணு போதும்."

"காட்டுவோம். உடைஞ்சதை மறைச்சா அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசறது?"

மற்ற மூன்றும் மூன்றரை லட்சத்தைத் தொட்டன. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கினேன். திறக்கவில்லை. திறப்பதைத் தலைவர் பார்க்கவேண்டும்.

கிளம்புகிற நேரத்தில் குருவி எக்ஸ்ரே அறையிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். மாத்திரை டப்பாவில் இருந்த கேஸ்கட்டின் படம் அவள் கையில். "பந்து எல்லாம் நொறுங்கிப் போச்சுக்கா. ஆனா நொறுங்கினது எல்லாம் வரிசை கலையாம நிக்குது. நடுவுல இருக்கிற திரவம் பிடிச்சு நிறுத்தியிருக்கு. நான் படிச்ச எந்தக் கரியிலயும் இது சேரல."

"அழுத்தத்தை எடுத்து மூணு நாளாச்சே."

"அதான்க்கா! பழையபடி பந்தா மாறவே இல்ல."

எனக்கு அந்தக் கரியை ரொம்பப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைவர் அறிக்கையோடு வந்தார். பேனாவும் இருந்தது, மூடி போட்டு. நான் எதுவும் விளக்கவில்லை. முதல் செல்லைத் திறந்து லென்ஸின் கீழே வைத்தேன்.

"பாருங்க சார்."

"நான் பார்க்கிறதுக்கு என்ன..."

"பாருங்க."

குனிந்தார். நடுவில் வட்டம். இரண்டாவதைத் திறந்தேன். நடுவில் வட்டம். மூன்றாவது, விளிம்பிலிருந்து குறுக்கே ஓடிய விரிசல்.

"இதுதான் வைரம் தாங்காம உடைஞ்சா வர விரிசல். விளிம்புல ஆரம்பிக்கும். நான் தும்மினப்போ வந்ததும் இதே ஜாதி. இதுக்கு வேணும்னா இப்பவே கையெழுத்துப் போடறேன், பழைய வைரத்தை நம்பினது என் தப்பு. அதையும் இதையும் ஒண்ணுன்னு சொல்லாதீங்க."

"இந்த நாலாவது?"

"உப்பு. அதே கை, அதே திருகல், அதே அழுத்தம். நீங்களே திறங்க."

அவர் திறந்தார்.  வைரம் கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது. அவர் திரும்பவும் முதல் வைரத்துக்குப் போனார். திரும்பவும் உப்புக்கு வந்தார். குருவி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள், பேச்சு கொட்டிவிடாமல் இருக்க. கடைசியில் எக்ஸ்ரே படத்தை அவர் கையில் கொடுத்தாள். பார்த்து முடித்தபோது அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

"அம்மா! இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு? வைரத்துல பள்ளம் போடற கரி! உடனே கட்டுரை எழுதணும். உங்க பேரும் வரும், நிச்சயமா வரும்." சந்தோஷத்தில் அறிக்கையை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க."

"இனிமே இது எதுக்கு?"

"வைரம் உடைஞ்சது நிஜம்தானே? சேதம் நடந்திருக்கு. அறிக்கை வேணும். காரணத்தை மாத்துங்க."

"அம்மா, அதான் நான் ஒத்துக்கிட்டேனே..."

"வாயால ஒத்துக்கிட்டீங்க. தப்பு என் மேலன்னு சொன்னப்போ மட்டும் எழுதித்தானே வச்சீங்க? இதையும் எழுதுங்க."

குருவி என்னைப் பார்த்தாள், போதும் அக்கா என்கிற மாதிரி. எனக்குப் போதவில்லை. தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

தலைவர் கொஞ்சநேரம் அந்த மூடியைப் பார்த்தார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், காது மடல் சிவந்தது. உட்கார்ந்து, 'செல்லை இயக்கியவரின் கவனக்குறைவு' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே எழுதினார்: சோதித்த மாதிரிப் பொருள், வைரத்தில் பள்ளம் ஏற்படுத்தும் அளவுக்குக் கடினமாக மாறியது. இயக்கியவர் மேல் தவறில்லை. ஆராயாமல் எழுதியது என் தவறு.

கடைசி வரியை நான் கேட்கவில்லை. அவராகவே எழுதினார். சொன்னேனே, கெட்டவர் இல்லை. அதற்குப் பிறகு என் கோட்டின் மேல் நானும் கையெழுத்துப் போட்டேன்.

நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் கணவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். அடித்த வரியின் மேல் விரல் நின்றது.

"எழுதினதை மாத்த முடியுமா?"

"மாத்தியிருக்காரே."

"எத்தனை வருஷம் கழிச்சும்?"

 பதிலுக்குக் காத்திராமல் அவர் நகலை நான்காக மடித்துக் கொடுத்துவிட்டு டிவி பக்கம் போனார்.

சனிக்கிழமை காலை நான் எழுந்தபோது அவர் முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற நாளில் போட்ட வெள்ளைச் சட்டை அது.

"எங்க?"

"டிப்போவுக்கு. அந்தப் பழைய அறிக்கை இருக்கும். அவங்க எதையும் தூக்கிப் போடமாட்டாங்க. அன்னிக்கு அந்த பிரேக்கை யாராவது கழட்டிப் பார்த்தாங்களான்னு கேட்கப் போறேன். பார்க்கலன்னா, பார்க்கலன்னு எழுதித் தரச் சொல்லப் போறேன்."

"இருங்க, நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா நீதான் பேசுவ."

உண்மைதான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"நான் மிதிச்சேன்," என்றார்.

"மிதிச்சீங்க," என்றேன்.